சொட்டுக் குடிக்காதவருக்கும் ஈரல் கெடும்!

'நான் சொட்டுக்கூடக் குடிச்சதில்லை டாக்டர். எனக்கு எப்படி ஈரல்ல கொழுப்பு?' ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. அடுத்த கேள்வி: 'கீழாநெல்லி சாப்பிட்டா சரியாயிடுமில்ல?'

சித்த மருத்துவன்தானே, 'ஆமாம்' என்பான் என்று நினைக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன்.

ஈரலுக்குள் நடப்பதைப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட செல்களில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது கொழுப்பு ஈரல். இதோடு நின்றால் பெரிதாகப் பயமில்லை. சிலருக்கு நிற்பதில்லை. செல்கள் பலூன் மாதிரி உப்பும். சுற்றிலும் அழற்சி உண்டாகும். பிறகு, புண் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதுபோல நார் படரும். நார் வலைபின்னி, ஈரல் முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிட்டால் அதுதான் சிரோசிஸ். குடிகாரர்களின் ஈரலில் காணும் இதே மாற்றங்கள் குடிக்காதவர்களிடமும் இருப்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1980-லேயே எழுதிவிட்டார்கள். இங்கே குற்றவாளி பாட்டில் இல்லை; சர்க்கரை நோயும் தொப்பையும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேனில் 'கிரேடு 1, கிரேடு 2' என்று எழுதுவது கொழுப்பின் அளவை. ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது நார். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருக்கும்போதே நார் படர்ந்திருக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா வந்தார். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று பார்த்துவிட்டுக் கஷாயம் கொடுத்து அனுப்பினேன். மறுபடி வந்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. நார் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாதது என் தவறு.

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. காமாலைக்கு நம் முன்னோர் கொடுத்த மூலிகை அது. ஆனால் விழுந்த தழும்பை அது கரைக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. 'அதான் மருந்து சாப்பிடறேனே' என்று உணவை மாற்றாமல் இருப்பதுதான் ஆபத்து.

என்ன செய்யலாம்? உடல் பருமன் உள்ளவர் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே கொழுப்பு இறங்கும். 10 பங்கு குறைத்தால் பலருக்கு நாரே பின்வாங்குகிறது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. அவசரம் வேண்டாம், மாதக்கணக்கில் மெதுவாகக் குறையுங்கள். குளிர்பானத்தை விடுங்கள். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள்.

சர்க்கரை நோயாளிகளே, உங்கள் வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து நார் இருக்க வாய்ப்புண்டா என்று டாக்டரால் கணக்குப் போட முடியும். சந்தேகம் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். கஷாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.