செல்போனில் மின்னும் மத்தாப்பு அட்டையில் மங்குவது ஏன்?

பட்டாசுப் பெட்டியின் மேலட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கருநீல வானம், சிதறும் தங்கப் பொறி, ஒளி வழியும் எழுத்து. இந்த ‘எஃபெக்ட்’ எல்லாம் இப்போது செல்போன் ஆப்பிலேயே வந்துவிட்டது. விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு) இருக்கும் ஓர் இளைஞர் அரை மணி நேரத்தில் இப்படி ஒன்றை அசத்தலாகச் செய்துவிடலாம். அதே டிசைன் சிவகாசி அச்சகத்துக்குப் போய் அட்டையாக வெளியே வந்தால், “என்னப்பா, சாயம் போன மாதிரி இருக்கு?” என்று கேட்கத் தோன்றும்.

தப்பு அச்சகத்து மேல் இல்லை. பெரும்பாலும் டிசைனில்தான்.

எஃபெக்ட் செய்வது ரொம்ப எளிது. கறுப்புப் பின்னணியில் எடுத்த வாணவேடிக்கைப் படத்தை ஒரு கோபுரப் படத்தின் மேல் தனி லேயராக வைத்து, ‘ஸ்கிரீன்’ மோடுக்கு மாற்றினால் போதும். கறுப்பு காணாமல் போகும். வெளிச்சம் மட்டும் நிற்கும். வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது. 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பின் இன்றைய பதிப்பிலும் இது உண்டு, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் உண்டு.

சிக்கல் அடுத்த படியில். திரை, ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுதாகக் கூட்டினால் வெள்ளை. அச்சு, மையால் நிறம் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மை கூடக் கூட இருட்டுதான் கூடும். திரையில் கண்ணைப் பறிக்கும் நியான் பச்சைக்கும் மின்னல் நீலத்துக்கும் இந்த நாலு மையில் இடமே இல்லை. அதோடு, லேயர்களைச் சேர்க்காமல் ஃபைலை அச்சு நிறத்துக்கு மாற்றினால் ‘ஸ்கிரீன்’ மோடின் கணக்கே மாறி, படம் வேறு மாதிரி ஆகிவிடும்.

கறுப்பிலும் ஒரு வம்பு இருக்கிறது. வானம் நன்றாக இருட்ட வேண்டும் என்று நாலு மையையும் அள்ளிப் போட்டால் காகிதம் காயாது. அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அந்த இருட்டுக்குள் பொடி எழுத்தை வெள்ளையாக விட்டால், பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்து அடைபட்டுவிடும். திரையில் இது எதுவுமே தெரியாது. தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் மறுபடி பிளேட் போடுவதும், ஓட்டிய அட்டையைக் கழிப்பதும் யாரோ ஒருவரின் காசு. பல சமயம் டிசைனரின் கூலியில்தான் கை வைப்பார்கள்.

கணினி வராத காலத்திலும் இந்தப் பகுதியில் எஃபெக்ட் இருந்தது. கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களில் ஏறி வீடு வீடாகப் போயின. அந்த மாதிரி படத்தில் சாமி தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எப்படி ஒளிர்கிறது? காகிதத்தின் வெள்ளையைவிட வெளிச்சமான நிறம் அச்சில் கிடையாது. சுற்றியுள்ள நிறங்களை அடக்கினால்தான் நடுவில் ஒளி எழும். ‘குளோ’ பட்டனைத் தட்டும் பலருக்கு இது புரிவதில்லை. எல்லாவற்றையும் ஒளிரவிட்டு, கடைசியில் எதுவுமே ஒளிராமல் நிற்கிறது.

எஃபெக்ட் கற்றுத்தரும் வீடியோவுக்குப் பஞ்சமில்லை, மையைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. வெளியூரில் இருப்பவர்களுக்கு அது பெரிய குறை இல்லை. அவர்கள் வேலை திரையோடு முடிந்துவிடும். ஆனால் சிவகாசியைச் சுற்றி இருப்பவருக்குக் கூப்பிடு தூரத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓடுகிறது. டிசைன் வகுப்பு நடத்துபவர்கள் மாணவர்களை ஒரு வாரமாவது அங்கே நிற்க வைக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட அச்சகங்கள் தயாராகும் சமயம் என்றால் இன்னும் நல்லது: ஒரே படம் புரூஃபில் ஒரு நிறமாகவும், ஆர்ட் பேப்பரில் ஒரு நிறமாகவும், சாதா அட்டையில் வேறொரு நிறமாகவும் வருவதை நேரிலேயே பார்த்துவிடலாம்.