கேள்வி எழவில்லை!

எங்கள் வீட்டில் கேள்வி நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு. எதிர்க்கட்சித் தலைவரும் அப்பா, சபாநாயகரும் அப்பா. அரசுத் தரப்பில் எட்டாம் வகுப்பு படிக்கும் நான் தன்னந்தனியாக நிற்பேன்.

"ராங்க் கார்டு குடுத்தாச்சா?"

"இன்னும் குடுக்கலைப்பா."

இது முதல் கேள்வி. இதற்கான பதிலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போதே தயார் பண்ணி, இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்திருப்பேன். குரல் நடுங்காது. முகத்தில் மகாத்மா தெரிவார். அப்பா பேப்பரை மடித்து வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"பின்னே அடுத்த வீட்டுப் பையன் எதுல கையெழுத்து வாங்கிட்டிருந்தான்?"

போச்சு! அரசு கவிழ்ந்தது. கணக்கில் முப்பத்தொன்று என்கிற உண்மை அவைக்கு வந்தது. அதன்பின் நடந்த விவாதத்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. துணைக்கேள்வி. டில்லியில் அமைச்சர்களுக்கு வியர்ப்பது இதற்குத்தான். முதல் கேள்விக்கு யாருக்கும் வியர்ப்பதில்லை.

லோக்சபா கூடும் நாட்களில் காலை 11 மணியிலிருந்து 12 மணி வரை கேள்வி நேரம். எம்.பி. நினைத்த மாத்திரத்தில் எழுந்து கேட்டுவிட முடியாது. குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கிறார்கள். சீட்டுக் கம்பெனி மாதிரிதான், ஆனால் இதில் யாரும் பணத்தோடு ஓடுவதில்லை. (ஓடிய கதையும் ஒன்று உண்டு. வருகிறேன்.)

கேள்விகளில் இரண்டு ஜாதி. நட்சத்திரம் போட்டது, போடாதது. நட்சத்திரம் போட்டால் அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 20. நட்சத்திரம் போடாததற்கு எழுத்தில் பதில் வரும். ஒரு நாளைக்கு 230. துணைக்கேள்வி கேட்கும் பாக்கியம் நட்சத்திரக் கேள்விக்கு மட்டும்தான். ஜாதகத்தில் மட்டுமல்ல சார், ஜனநாயகத்திலும் நட்சத்திரம் முக்கியம்.

கேள்வியின் நடை இருக்கிறதே, அது வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. "இன்ன துறை அமைச்சர் அன்புகூர்ந்து தெரிவிப்பாரா" என்று ஆரம்பிக்கும். (அ) இப்படி ஒரு விஷயம் நடந்தது உண்மையா? (ஆ) ஆம் எனில், விவரம் என்ன? (இ) இல்லை எனில், காரணம் என்ன? அப்பா மட்டும் என்னை "மகன் அன்புகூர்ந்து தெரிவிப்பாரா" என்று கேட்டிருந்தால் முப்பத்தொன்றை அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன்.

பதிலின் நடை இன்னும் அழகு. "(அ) இல்லை. (ஆ) மற்றும் (இ): எழவில்லை." அவ்வளவுதான். கேள்வியே எழவில்லையாம். ராத்திரி முழுக்கக் கண் விழித்து மூன்று பிரிவாகக் கேள்வி தயாரித்தவர், எழுந்தது நாம் மட்டும்தானா என்று யோசித்தபடி உட்கார வேண்டியதுதான்.

ஆனால் விஷயம் அங்கே முடிவதில்லை. கேட்ட எம்.பி.க்கு வழக்கமாக இரண்டு துணைக்கேள்வி. பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். இதற்கு 15 நாள் நோட்டீஸ் கிடையாது, குலுக்கல் கிடையாது. எந்தத் திசையிலிருந்து வரும் என்பதும் தெரியாது. அதனால்தான் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விக்குத் துறை அதிகாரிகள் ஒரு கட்டுக் காகிதம் தயார் பண்ணுகிறார்கள். இப்படிக் கேட்டால் இப்படி, அப்படிக் கேட்டால் அப்படி. நம் பள்ளிக்கூட நாட்களின் கைடு மாதிரி. கைடில் இல்லாத கேள்வி வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் பரீட்சை எழுதியவர்தான்.

நான் பி.காம். கணக்குப் புஸ்தகத்தில் கைவைத்தால்தான் எனக்கு ருசி தட்டும். ஆகவே ஒரு கணக்குக் கதை.

245 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் ப்ராவிடண்ட் சங்கங்களையும் ஒன்றாகச் சேர்த்து எல்.ஐ.சி. உருவானது 1956 செப்டம்பரில். ஒரு வயது நிறைவதற்குள், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் அது சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முந்த்ரா அப்போது பணமுடையில் இருந்த ஆசாமி. வாங்கிய விலையும் மார்க்கெட்டுக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை. முதலீட்டுக் கமிட்டியையும் கலந்துகொள்ளவில்லை. இன்றைக்கு 1.24 கோடி, சென்னையில் ஒரு நல்ல ஃப்ளாட்டுக்குப் போதுமா என்று யோசிப்பீர்கள். அன்றைக்கு அது சம்பளத்தில் மாசாமாசம் பிடித்துக் கொடுத்த குமாஸ்தாக்களின் காசு. "எனக்கு ஒண்ணு ஆயிட்டா பிள்ளைகள் தெருவில் நிக்கக்கூடாது" என்று கட்டிய பிரீமியம்.

லோக்சபாவில் 1957 செப்டம்பரிலேயே கேள்வி வந்தது. பிடி கொடுக்காத பதில். நவம்பரில் மறுபடி கேள்வி. மறுபடி மழுப்பல். டிசம்பர் 16-ஆம் தேதி ஃபெரோஸ் காந்தி எழுந்தார். அவர் எதிர்க்கட்சி இல்லை, ஆளும் காங்கிரஸ் எம்.பி. போதாதற்குப் பிரதமர் நேருவின் மாப்பிள்ளை. கையில் கத்தியா, கடப்பாரையா? ஒன்றுமில்லை. பங்குகளின் விலை விவரமும், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்கிற கணக்கும்தான். பி.காம். பசங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த டேபிளைப் பார்த்தால் தூக்கம் வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு அமைச்சரின் தூக்கத்தையே அது கெடுத்தது.

பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனி ஆளாக விசாரித்தார். பொதுமக்கள் முன்னிலையில், 24 நாளில் வேலையை முடித்தார். (ஆமாம் சார், நாள்தான். வருஷம் இல்லை. அச்சுப்பிழை என்று கடிதம் போடாதீர்கள்.) செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்றார் அவர். 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் ராஜினாமா செய்தார். அவர் நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கெட்டிக்காரர், 1963-ல் மறுபடி நிதி அமைச்சராகவும் ஆனார். அது வேறு விஷயம். முதல் பதிலோடு திருப்திப்பட்டு அந்த எம்.பி.க்கள் உட்கார்ந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபையில் வைக்கப்படும்." இது அமைச்சர்கள் அடிக்கடி சொல்லும் பதில். ஆபீஸில் மேனேஜர் "டார்கெட் ஏன் முடியலை?" என்று கேட்கும்போது நீங்கள் இதைச் சொல்லிப் பாருங்கள். மறுநாளிலிருந்து நீங்களே சேகரிக்கப்பட வேண்டிய தகவலாகிவிடுவீர்கள். ஆனால் டில்லியில் இப்படிச் சொல்லிவிட்டு மறந்துவிட முடியாது. 1953-லேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்றை லோக்சபாவில் அமைத்திருக்கிறார்கள். "பரிசீலனையில் இருக்கிறது", "கவனிக்கிறேன்" போன்ற வார்த்தைகள் அமைச்சர் வாயிலிருந்து விழுந்தால் இந்தக் குழு அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. தாமதமானால் அவகாசம் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நாம் சொன்னதையெல்லாம் இப்படி ஒரு குழு குறித்து வைத்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். (வீட்டில் இருக்கிறது. குழுவில் ஒரே உறுப்பினர்.)

ஆயுதம் நல்ல ஆயுதம்தான். பிடிக்கிற கையைப் பற்றியும் சொல்ல வேண்டாமா?

2005 டிசம்பரில் ரகசிய கேமரா ஒன்று சில எம்.பி.க்களைப் படம் பிடித்தது. சபையில் கேள்வி கேட்பதற்குக் காசு வாங்கினார்கள். லோக்சபாவில் 10 பேர், ராஜ்யசபாவில் ஒருவர், ஆக 11 பேரின் பதவி அந்த மாதமே பறிபோனது. பணத்தோடு ஓடிய கதை என்றேனே, அது இதுதான். ஃபெரோஸ் காந்தி மாதிரி ஆட்கள் கணக்குப் பார்த்துக் கேட்ட இடத்தில், இவர்கள் கணக்குத் தீர்த்துக்கொண்டு கேட்டார்கள்.

2009 நவம்பர் 30 இன்னொரு மாதிரி. காசு வாங்கவில்லை, ஆளே வரவில்லை! நட்சத்திரக் கேள்விப் பட்டியலில் பேர் இருந்த எம்.பி.க்களில் பெரும்பாலோர் ஆப்சென்ட். சபாநாயகர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார், பதிலில்லை. அமைச்சர்கள் கைடும் கையுமாகக் காத்திருக்க, கேள்வி நேரம் முடிவதற்குள்ளேயே கேள்விகள் தீர்ந்துபோய் சபையைத் தள்ளிவைத்தார்கள். அப்புறம்தான், கேட்டவர் வராவிட்டாலும் பதிலை வாங்கிவிடலாம் என்று வழி செய்தார்கள்.

2020 செப்டம்பரில், கொரோனா சமயத்தில் நடந்த கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்றார்கள். எழுத்து பதில் மட்டும் வந்தது. "பதில்தான் வருதே, அப்புறம் என்ன?" என்று என் ஆபீஸ் நண்பர் கேட்டார். முதல் பதில் வந்தது சார், அடுத்த வீட்டுப் பையன் வரவில்லையே! ராங்க் கார்டு கொடுக்கலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் விளையாடப் போகலாம் என்றால், எனக்கு அதைவிடப் பொற்காலம் உண்டா?

நல்ல நாளும் உண்டு. 2019 நவம்பர் 27-ஆம் தேதி லோக்சபாவில் 20 நட்சத்திரக் கேள்வியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972-க்குப் பிறகு அது முதல் தடவையாம். ஒரு மணி நேரத்தில் 20 கேள்வி என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிஷம். சந்தோஷம்தான். இருந்தாலும் கணக்குப் பாடத்தில் முப்பத்தொன்று வாங்கியவனின் சந்தேகம் ஒன்று: இருபதை ஓட்டமாக ஓடி முடிப்பது பெரிசா, நாலே நாலை நிறுத்தி நிதானமாகக் குடைவது பெரிசா? எனக்கென்னவோ அப்பாவின் முறைதான் பிடிக்கிறது. அவர் ஒரு நாளும் மூன்றாவது கேள்விக்குப் போனதில்லை. தேவைப்பட்டதுமில்லை.

அடுத்த தடவை ஓட்டு கேட்டு வருகிறவர், "ஐந்து வருஷத்தில் இருநூறு கேள்வி கேட்டேன்" என்று நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காபி கொடுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, உங்கள் துணைக்கேள்வியைப் போடுங்கள்: "பதில் வந்ததும் எழுந்து என்ன சார் கேட்டீங்க?"

அமைச்சர் "கேள்வி எழவில்லை" என்று சொல்வது பழைய வழக்கம். அதில் நாடு ஒன்றும் முழுகிவிடாது. கேட்க வேண்டியவர் எழவில்லை என்றால்தான் முழுகும்.