முழுசுக்கு எத்தனை?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். வேலைவாய்ப்பு, நட்பு, தாய்மை என்று நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஆறாம் வகுப்புக் கணக்கு! "டிப்ளமோ படிக்கிறவனுக்கு அது எதுக்குடா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திருப்புங்கள்.

அரையை மூன்றால் வகுத்தால் என்ன? கைப்பேசியை எடுக்கக் கூடாது.

விடுதியில் என் அறையில் இதைக் கேட்டேன். ஒருவன் ஒன்றரை என்றான். இன்னொருவன் ஆறு என்றான். மூன்றாமவன் ஆறில் ஒன்று என்று சரியாகச் சொன்னான். எப்படி என்றால், "தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்" என்றான். ஏன் தலைகீழாப் போடணும்? "வாத்தியார் சொன்னாரு, போட்டேன்!"

சிரிக்காதீர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். முதலாம் ஆண்டில் மைக்ரோமீட்டர் கையில் கொடுத்தார்கள். மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். "அது எப்படி வந்தது?" என்று ஆய்வகத்தில் கேட்டார்கள். மரம் மாதிரி நின்றேன். திம்பிளை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் முனை நகர்வது அரை மில்லிமீட்டர். திம்பிளைச் சுற்றி 50 கோடுகள். ஆகவே ஒரு கோட்டுக்கு அரையை ஐம்பதால் வகுத்த பங்கு, அதாவது நூறில் ஒன்று. அவ்வளவுதான் சங்கதி! இஞ்சு மைக்ரோமீட்டரிலும் இதே கதை. ஒரு சுற்றுக்கு 1/40 இஞ்சு, சுற்றிலும் 25 கோடுகள், ஒரு கோட்டுக்கு 1/1000 இஞ்சு. நான் தடுமாறியது பாலிடெக்னிக் பாடத்தில் இல்லை. ஆறாம் வகுப்பில் கற்றுக்கொள்ளாமல் தாண்டி வந்த ஒரு கணக்கில்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்பா மரவேலை செய்கிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மரவேலையில் இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர்.

"ஒரு நூலை ரெண்டாக்கினா என்னப்பா?"

"அரை நூல்."

"அது இஞ்சுல எத்தனையில ஒண்ணு?"

"ஒரு முழு இஞ்சுக்கு எத்தனை அரை நூல் புடிக்கும்? பதினாறு. அப்போ பதினாறுல ஒண்ணு. இதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தியா?"

எட்டில் ஒன்றை இரண்டால் வகுத்தால் பதினாறில் ஒன்று. தலைகீழியும் இல்லை, பெருக்கலும் இல்லை. அப்பா தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: முழுசுக்கு எத்தனை? விடை தானாக வந்தது.

அன்று ராத்திரி என் தங்கை நோட்டை எடுத்து வந்தாள். ஆறாம் வகுப்பு. 1/2 ÷ 3 என்ற கணக்கில் 3/2 என்று எழுதி, சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கியிருந்தாள். "எனக்குக் கணக்கு வராதுண்ணே. அப்பாவுக்கும் வராதுல்ல, அதான்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அப்பாவுக்குக் கணக்கு வராதா? நூல் பிசகாமல் கதவு பொருத்துகிறவருக்கா? ஆனால் அப்பாவே அப்படித்தான் சொல்லுவார்: "நமக்கெல்லாம் கணக்கு வராதுப்பா." நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நிலம், நகை எதுவும் சொத்தாக வரவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது! பெண் பிள்ளை விஷயத்தில் அது இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. "கணக்கு வரலியா, போதும் படிச்சது" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

வீட்டில் பாதிக் கடலைமிட்டாய் இருந்தது. மறு பாதி ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது. "அம்மா, அப்பா, நீ, மூணு பேருக்கும் சமமா வெட்டு" என்றேன். வெட்டினாள். "ஒரு முழு மிட்டாயில உன் பங்கு எவ்வளவு?" என்றேன். "மூணுல ஒண்ணு" என்றாள்.

நான் கவனித்த இடம் இதுதான். அவள் கண்ணுக்கு எதிரே மூன்று துண்டு இருக்கிறது. அதனால் மூன்றில் ஒன்று. அவள் சொன்னது தப்பில்லை, அது அரை மிட்டாயின் மூன்றில் ஒன்று. கணக்குக் கேட்பதோ முழு மிட்டாயில் எத்தனையில் ஒன்று என்று. பாதியை முழுசாக நினைத்துவிடுவதுதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிற கல். அந்தக் கல்லைக் காட்டாமல் சூத்திரத்தை மட்டும் கையில் கொடுத்தால் என்ன பயன்?

ஒரு தாளில் முழு மிட்டாய் அளவுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். "உன் துண்டு மாதிரி முழுசுக்கு எத்தனை புடிக்கும்?" வைத்து வைத்துப் பார்த்தாள். "ஆறு! ஐயோ, அப்போ ஆறுல ஒண்ணு!" என்றாள். அடுத்து, காலை மூன்றாக்கினால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழுசுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டுல ஒண்ணு" என்றாள். ஐந்தில் ஒன்றை நாலாக்கினால்? "இருபதுல ஒண்ணு. அண்ணே, கீழே இருக்கறதை மட்டும் பெருக்கினாப் போதும்ல?" சூத்திரம் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லவே இல்லை.

இதுதான் என் கருத்து. மேலே ஒன்று மட்டும் உள்ள பின்னத்தை முழு எண்ணால் வகுப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது, சூத்திரம் கடைசியில் வர வேண்டும். முதலில் வெட்டட்டும், மடிக்கட்டும், முழுசுக்கு எத்தனை என்று எண்ணட்டும். மூன்றால் வகுப்பது என்றால் மூன்றில் ஒரு பங்கு எடுப்பது. அதனால்தான் 1/3-ஆல் பெருக்குகிறோம். தலைகீழாக்குவதில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. பங்கு போட்டுப் பழகிய பிள்ளை விடையை நிறுத்துப் பார்க்கும். அரையைப் பங்கு போட்டால் அரையைவிடக் குறைவாகத்தானே வரும்? ஒன்றரை எப்படி வரும்? ஆறில் ஒன்றை மூன்று தரம் சேர்த்தால் அரை வருகிறதா? வருகிறது, சரி. என் அறை நண்பன் ஆறு என்றானே, அது மூன்றை அரையால் வகுத்த விடை. மூன்று மிட்டாயில் எத்தனை அரை இருக்கிறது என்ற கேள்வி அது. இரண்டுக்கும் கதை வேறு. கதை தெரிந்தவன் குழம்ப மாட்டான்.

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மிட்டாய் வெட்ட முடியுமா? பரீட்சை வருகிறதே!" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மிட்டாய் வேண்டாம், பழைய நோட்டுத்தாள் போதும். தாளைப் பாதியாக மடி. அந்தப் பாதியை மூன்றாக மடி. இப்போது பிரித்துப் பார். ஆறு கட்டம்! பத்து நிமிஷ வேலை. சூத்திரத்தை வருஷா வருஷம் திரும்பச் சொல்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இது மிச்சம்தான்.

நம் பேச்சிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. 1957-இல் புதுப்பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ஒரு வீசம் ரூபாய். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் இவற்றை ஒப்பிக்க வைத்தார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் மனப்பாடம்தான். எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. ஆனால் இன்றைய பிள்ளைக்கு, "அரைக்கால் என்றால் என்ன?" என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னால், பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிடும். பாட்டிக்கும் கணக்கு வரும் என்று அப்போது தெரியும்.

நண்பர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். "நம்ம வீதியிலிருந்து டிப்ளமோ படிக்கிற பையன், பொண்ணு" என்று நம்மைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெருமைக்குக் கைம்மாறாக, கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்ட ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். ஒரு தாளைக் கொடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். முழுசுக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

என் தங்கை இப்போது அப்பாவின் டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கால் நூல் முழு இஞ்சுக்கு எத்தனை என்று அவரையே மடக்குகிறாள். முப்பத்திரண்டு என்று அப்பா உடனே சொல்லிவிடுகிறார். "பாத்தியாண்ணே, அப்பாவுக்குக் கணக்கு வருது" என்றாள் போன வாரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "நமக்கெல்லாம் கணக்கு வராது" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போது கேட்பதில்லை.