பெயின்ட்டா, போல்ட்டா?

பக்கத்து வீட்டு முன்புறத்தை ஒருநாள் திடீரென்று சாக்குப் படுதா கட்டி மறைக்கிறார்கள். உள்ளே டங்கு டங்கென்று சத்தம். தெருவில் என்ன பேசிக்கொள்வோம்?

'மாடி எடுக்கறாங்கபோல' என்பார் ஒருத்தர். 'பொண்ணுக்குக் கல்யாணம். வெள்ளையடிக்கறாங்க' என்பார் இன்னொருத்தர். மூன்றாமவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, 'உத்தரத்துல கரையான் சார்... வெளியில சொல்லிக்காதீங்க' என்பார்.

மூன்றும் வதந்திதான். ஆனால், அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறவருக்கு முதல் இரண்டும் பொழுதுபோக்கு. மூன்றாவது, உயிர் சமாச்சாரம்.

இந்த வாரம் நான் பேசப்போவது ஒரு ராட்சத விளையாட்டு ரயிலைப் பற்றி. 'ஊரில் எத்தனையோ பிரச்னை இருக்க, அமெரிக்காக்காரன் ரோலர் கோஸ்டர்தான் கிடைச்சுதா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் கொடுங்கள்.

ரயிலின் பெயர் 'ஸ்பேஸ் மவுன்ட்டன்'. டிஸ்னி கம்பெனியின் சொத்து. முதலாவது ஃப்ளோரிடாவில் 1975 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. இரண்டாவது கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில், 1977 மே மாதம். கூம்பு மாதிரி ஒரு பெரிய கட்டடம். உள்ளே கும்மிருட்டு. விண்வெளியில் ராக்கெட்டில் பறக்கிற பாவனை. ஃப்ளோரிடா ரயிலின் வேகம் என்ன தெரியுமா? மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அவ்வளவுதான்! நம்மவர்கள் ஸ்கூட்டரில் சர்வசாதாரணமாகப் போகிற வேகம். ஆனால், எதிரே வளைவா, பள்ளமா என்று தெரியாத இருட்டில் அந்த 45, நூறு மாதிரி வயிற்றைக் கலக்கும். வித்தையே அந்த இருட்டுதான்.

இந்த மாதிரிப் பழம்பெரும் ரயிலை மூடி, வாசலில் 'புதுப்பிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு போர்டு வைத்தால் போதும். ரசிகர்கள் மத்தியில் வதந்திக் கடை திறந்துவிடும். 'தலைகீழா சுத்தப் போகுதாம்', 'பாட்டு புதுசாம்', 'சீட்டு மாத்தறாங்களாம்', 'பெரிய ஸ்பான்சர் வந்திருக்காராம்'. நான் கேட்டவரையில் நூறு வதந்தியில் தொண்ணூறு இப்படித்தான். பாட்டு, லைட்டு, பெயின்ட்டு. 'போல்ட்டு மாத்தறாங்களா?' என்று கேட்கிற ஆள் அபூர்வம்.

என் சண்டை இங்கேதான். கம்பெனியோடு பாதி. உங்களோடும் என்னோடும் மீதி.

கலிஃபோர்னியா ரயிலின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1996ல் பெட்டிகளிலேயே ஸ்பீக்கர் வைத்து இசை கொடுத்தார்கள். டிக் டேல் என்கிற புகழ்பெற்ற கிதார்காரர் வாசித்தது. கூட்டம் அள்ளியது. 1998ல் அந்தப் பகுதி முழுவதையும் புதுசாக்குகிறோம் என்று, வெள்ளை வெளேரென்று இருந்த மலைக்குச் செம்பும் தங்கமுமாகப் பெயின்ட் அடித்தார்கள். 2000 ஜூலையில், ஓடிக்கொண்டிருந்த ரயிலின் சக்கரம் ஒன்று கழன்றது. பாதுகாப்புக் கருவிகள் ரயிலைச் சடாரென நிறுத்தின. ஒன்பது பேருக்குக் காயம். நல்லவேளை, பெரிய காயமில்லை. 2003 ஏப்ரலில் ஒரேயடியாக மூடினார்கள். உள்ளே இருந்த பாதை முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே வளைவு, அதே இறக்கத்தோடு புதுப் பாதை போட்டார்கள். மறுபடி திறந்தது 2005 ஜூலை 15. டிஸ்னிலேண்டின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால். மலைக்குத் திரும்பவும் வெள்ளை பெயின்ட்!

இசை வைத்ததால் சக்கரம் கழன்றது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நான் கிளப்பும் வதந்தி. வரிசையை மட்டும் கவனியுங்கள். முதலில் காதுக்கு. அடுத்தது கண்ணுக்கு. எலும்புக்கு வைத்தியம் கடைசியில்.

ஏன் இப்படி? பி.காம். முதல் வருஷப் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

செலவு இரண்டு வகை. மூலதனச் செலவு, வருவாயினச் செலவு. புது மெஷின் வாங்கினால் மூலதனச் செலவு. அதைச் சொத்துப் பட்டியலில் எழுதிக்கொண்டு, பல வருஷத்துக்குப் பிரித்துத் தேய்மானம் போடலாம். பழைய மெஷினுக்கு கிரீஸ் போட்டால், போல்ட்டு முடுக்கினால், ராத்திரி ஷிஃப்ட்டில் கூடுதலாக இரண்டு மெக்கானிக் வைத்தால் அது வருவாயினச் செலவு. முழுத் தொகையும் இந்த வருஷ லாபத்திலிருந்தே போகும். புது ரயிலுக்கு ரிப்பன் வெட்டலாம், விளம்பரம் கொடுக்கலாம், டிக்கெட் விலையை ஏற்றலாம். 'முடுக்கப்பட்ட போல்ட்டுகளைக் காண வாரீர்' என்று எவன் விளம்பரம் கொடுப்பான்? சிக்கனம் என்று வந்தால் எந்த மேனேஜர் கையும் முதலில் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. ஸ்பேஸ் மவுன்ட்டன் மூடிக் கிடந்த அதே 2003ல், அதே டிஸ்னிலேண்டில், 'பிக் தண்டர் மவுன்ட்டன்' என்கிற இன்னொரு ரயில். செப்டம்பர் 5ந் தேதி. இன்ஜின் மாதிரி முன்னால் போகிற பகுதி தடம் புரண்டு, பின்னால் வந்த பெட்டியில் மோதியது. 22 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். பத்துப் பேருக்குக் காயம். மாநில அதிகாரிகள் விசாரித்தார்கள். வானத்திலிருந்து இடி விழவில்லை. சதி எதுவும் இல்லை. முடுக்க வேண்டிய போல்ட்டுகள் சரியாக முடுக்கப்படவில்லை. அவை கழலாமல் பிடித்திருக்க வேண்டிய கம்பி கட்டப்படவில்லை. அன்றைக்கு ரயிலில் வழக்கமில்லாத சத்தம் வந்ததை ஊழியர்களே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு போல்ட். ஒரு கம்பி. ஒரு உயிர்.

'அதுக்குத்தான் அரசாங்கம் இருக்கே!' என்பீர்கள். இருக்கிறதுதான். கலிஃபோர்னியாவில் நிரந்தரப் பார்க்குகளின் ரயில், ராட்டினங்களை மாநில அரசு சோதிக்கச் சட்டம் வந்ததே 1999ல்தான். அதற்கு முந்தைய டிசம்பரில் டிஸ்னிலேண்டின் கப்பல் சவாரியில் ஓர் இரும்புத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து ஒருவர் இறந்த பிறகு. ஃப்ளோரிடாவில் கதையே வேறு. ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கிற, சொந்தமாக முழுநேர ஆய்வாளர் வைத்திருக்கிற பெரிய பார்க்குகளுக்கு மாநில ஆய்விலிருந்தே விலக்கு. அவர்கள் ரயிலை அவர்களே சோதித்துக்கொள்வார்கள். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற மாதிரி! திருத்துகிறவன் யோக்கியனாகவே இருக்கலாம். மார்க் ஷீட்டையாவது நாம் பார்க்க வேண்டாமா?

அந்த ஃப்ளோரிடாவில்தான் 2009 ஏப்ரலில் மூத்த ஸ்பேஸ் மவுன்ட்டனை மூடினார்கள். ரசிகர்களுக்கு ஏக எதிர்பார்ப்பு. கலிஃபோர்னியாவில் செய்த மாதிரி எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுசாகப் போடுவார்கள், பெட்டிக்குப் பெட்டி இசை வரும் என்றெல்லாம் பேச்சு. நவம்பரில் திறந்தார்கள். பெட்டிகள் புதுசு. உள்ளே இருட்டு கூடியிருந்தது. வரிசையில் காத்திருப்பவர்கள் விளையாட வீடியோ கேம். பாதையின் வடிவம் மட்டும் அதேதான். பலருக்கு ஏமாற்றம். 'இதுக்கா ஏழு மாசம்?' என்று புலம்பினார்கள்.

அந்தப் புலம்பலில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பாதையை அங்குலம் அங்குலமாகச் சோதித்துப் பழுது பார்க்கத்தான் ஏழு மாசம் ஆனது என்றால், கைதட்டியிருக்க வேண்டியதுதானே! ஆனால், எதற்குக் கைதட்டுவது என்று ரசிகனுக்கு யார் சொன்னார்கள்? வீடியோ கேம் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றது தெரியவில்லை. தெரியாததற்கு எப்படி மரியாதை கொடுப்பான்?

இன்னொரு கதை. இதுவும் கலிஃபோர்னியா. ஸ்பேஸ் மவுன்ட்டனுக்குப் பக்கத்திலேயே 1998ல் 'ராக்கெட் ராட்ஸ்' என்று ஒரு வேக ரயில் விட்டார்கள். 1967லிருந்து மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பழைய வண்டியின் பாதைமேலேயே! வேகமாகத் திரும்ப வேண்டுமானால் பாதை உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை வளைவில் பார்த்திருப்பீர்கள். இங்கே வளைவுகள் சாய்க்கப்படவில்லை. அதனால் வண்டி ஒவ்வொரு வளைவுக்கும் வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டி, டயர் தேய்ந்து, அடிக்கடி பழுது. 2000 செப்டம்பரில் மூடினார்கள். புதுப்பிக்கிறோம், 2001ல் திறப்போம் என்றார்கள். 2001ல் வந்த செய்தி, 'திறக்கமாட்டோம்'. மேலே பெயின்ட் புதுசு, கீழே பாதை பழசு என்பதன் முடிவு அது.

ஆக, 'புதுப்பிப்புப் பணி' என்ற ஒரே போர்டுக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கலாம்? வெள்ளையடிப்பு நடக்கலாம். எலும்பு மாற்று சிகிச்சை நடக்கலாம். சத்தமில்லாமல் இறுதிச் சடங்கும் நடக்கலாம்! ஒரே வார்த்தைக்குள் இந்த மூன்றையும் அடைப்பது கம்பெனிக்குச் சௌகரியம். நமக்கு?

'ரகசியம் காத்தால்தான் சார் மாயாஜாலம். எல்லாத்தையும் சொல்லிட்டா த்ரில் போயிடும்' என்று ஒரு வாதம் உண்டு. புதுக் கதையைச் சொல்லாதீர்கள், புதுப் பாட்டைச் சொல்லாதீர்கள், ஒப்புக்கொள்கிறேன். தண்டவாளம் மாற்றுவதைச் சொன்னால் எந்த த்ரில் போகும்? பிரேக் புதுசு என்று தெரிந்தால் குழந்தை 'வீல்' என்று கத்தாதா? வதந்தி கம்பெனிக்கு இலவச விளம்பரம். காலணா செலவில்லாமல் மாதக்கணக்கில் ஊர் பேசும். அதனால்தான் இந்த மௌனம் என்பது என் சந்தேகம்.

முடியாது என்பதற்கில்லை. டோக்கியோவைப் பாருங்கள். அங்கே 1983ல் திறந்த ஸ்பேஸ் மவுன்ட்டன். பார்க்கை நடத்துவது ஓரியன்ட்டல் லேண்ட் என்ற ஜப்பான் கம்பெனி. 2022லேயே பகிரங்கமாக அறிவித்தார்கள். இதை 2024ல் மூடுகிறோம், கட்டடத்தோடு புதிதாகக் கட்டுகிறோம், 2027ல் திறப்போம், சுற்றுப்புறத்தையும் சேர்த்து சுமார் 5,600 கோடி யென் செலவாகும் என்று அப்போதே மதிப்பும் சொன்னார்கள். 2024 ஜூலை 31 வரை ஓட்டி, பழைய ரயிலுக்கு வழியனுப்பு விழாவே நடத்தினார்கள். மாயாஜாலம் செத்துவிட்டதா? கடைசியாக ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று ஜனங்கள் போய் நின்றார்கள்.

அமெரிக்காவிலும் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. 2025 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் பிக் தண்டரை மூடியபோது, 2026ல்தான் திறப்போம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நல்ல விஷயம். அதே 2025 ஜனவரியில் அங்குள்ள ஸ்பேஸ் மவுன்ட்டனுக்கு ஐம்பது வயது முடிந்தது. 'அடுத்தது இதுதான்' என்று எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? மறுபடி பாட்டு, லைட்டு, பெயின்ட்டு!

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. மூடுகிற அன்று வாசலில் இன்னொரு போர்டு வைக்கட்டும். நாலே வரி. பாதையில் எவ்வளவு மாற்றுகிறோம்? சக்கரம், பிரேக், சங்கிலியில் எதை மாற்றுகிறோம்? எதை மாற்றாமல் சோதித்துவிட்டு விடுகிறோம்? சோதித்தது யார், எங்கள் ஆளா, வெளி ஆளா? கிழவருக்கு ஆபரேஷன் என்றால், எந்த உறுப்பில் என்று வீட்டாருக்குச் சொல்வதில்லையா? அந்த மாதிரி.

கம்பெனி தானாக இதைச் செய்யுமா? செய்யாது. கேட்டால் செய்யும். கேட்க வேண்டியவர்கள் டிக்கெட் வாங்குகிறவர்கள். அதனால்தான் பாதிச் சண்டை நம்மோடு என்றேன். பாட்டைக் கேட்டோம், பாட்டு கொடுத்தார்கள். வண்ணம் கேட்டோம், வண்ணம் கொடுத்தார்கள். சந்தையில் கேட்டதுதான் கிடைக்கும். இதுவும் பி.காம். பாடம்தான்.

இந்த டிசம்பர் லீவில் அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறீர்களா? பேரக் குழந்தைகளோடு அந்த வரிசையில் நிற்கப்போகிறீர்களா? வாசலில் இருக்கிற ஊழியரிடம், 'என்ன தம்பி, இதுல புதுசா என்ன வரப்போகுது?' என்று கேட்காதீர்கள். 'கடைசியா எப்போ மூடினீங்க? எதை மாத்தினீங்க?' என்று கேளுங்கள்.

அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் மேலதிகாரியிடம் போய்க் கேட்பான். பதினோராவதாக நிற்கிறவர் உங்கள் பேத்தியாக இருக்கலாம்.