நார்ஸ் மக்களும் கறுப்பு நிறமும்

ஸ்காண்டிநேவியாவின் பண்டை மக்களாகிய நார்ஸ் ஜனங்களிடம் கறுப்பைக் குறிக்கத் தனிச்சொல் இருந்ததில்லை என்றும், நீலத்துக்கும் கறுப்புக்கும் பேதம் அறியாத காரணத்தினாலேயே அவர்கள் ஆப்பிரிக்கரை 'நீல மனிதர்' என்றும் அண்டங்காக்கையை நீலப் பறவை என்றும் வருணித்தார்கள் என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக உலவி வருகிறது. விசித்திரமாயிருப்பதனாலேயே இதை நம்புவோர் பலர். பிரமாணங்களை எடுத்துப் பார்ப்போர் சிலர். ஒரு ஜனசமூகத்தின் கண்பார்வையையே குறை கூறும் இந்தத் தீர்ப்பைப் பரிசீலனையின்றி ஒப்புக்கொள்ளுதல் நியாயமாகாது.

சொல் இல்லை என்பது முதற் கூற்று. 'ஸ்வார்ட்ர்' என்னும் பழைய நார்ஸ் சொல் ஐயத்துக்கிடமின்றிக் கறுப்பையே குறித்தது. 9-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் தென்பகுதியில் ஆண்டவனும், அழகிய கேசமுடையவன் என்று புகழ்பெற்ற ஹரால்டு மன்னனின் தந்தையுமாகிய ஹால்வ்தானுக்கு, அவனுடைய தலைமயிரின் நிறத்தை முன்னிட்டு, 'ஸ்வார்ட்டி', அதாவது கறுப்பன், என்ற பட்டப்பெயர் வழங்கிற்று. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எட்டா என்னும் நூலை இயற்றிய ஸ்னோரி ஸ்டுர்லுசன், இருளில் வாழும் ஒருவகைத் தேவகணத்தாரைப் பற்றிச் சொல்லுமிடத்து, அவர்கள் கீலைக் காட்டிலும் கறுத்தவர்கள் என்று இதே சொல்லைக் கொண்டு கூறுகிறார். ஜெர்மன் மொழியின் 'ஷ்வார்ட்ஸ்', டச்சு மொழியின் 'ஸ்வார்ட்' ஆகியவை இதன் உடன்பிறப்புகளாதலால், அம்மொழிகள் தனித்தனியே பிரிவதற்கு முன்பே இச்சொல் வழக்கில் இருந்திருக்க வேண்டும். மூதாதையரிடமிருந்து பெற்று, பேரர்களிடம் இன்றளவும் இருக்கின்ற சொல்லை இடையிலே வாழ்ந்த தலைமுறையினர் மட்டும் அறியவில்லை என்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது கூற்று, 'ப்ளார்' என்ற சொல் நீலத்தையும் கறுப்பையும் ஒருங்கே குறித்ததால் அவர்கள் அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணவில்லை என்பது. இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை மறைப்பதற்கில்லை. 'ப்ளார்' என்பதன் எல்லை இன்றைய நீலத்தின் எல்லையைவிட விரிந்தது. கடலுக்கும், கன்றிப்போன சதைக்கும், அண்டங்காக்கையின் இறகுக்கும் அது பொருந்திற்று. ஆனால் அந்த இறகை வெயிலில் பார்த்தவர்கள் அதன்மேல் ஓடும் நீலப் பளபளப்பைக் கவனியாமலிருக்க முடியாது. நீலச் சாயம் தரும் வோட் செடியின் விதைகள், 834-ஆம் ஆண்டைச் சேர்ந்த, ஓஸ்பெர்க் என்னுமிடத்துக் கப்பற் புதைகுழியில் கிடைத்திருக்கின்றன. அச்சாயத்தில் திரும்பத் திரும்பத் தோய்த்த கம்பளி, படிப்படியாகக் கருமையை நெருங்கும் ஆழ்ந்த நீலம் கொள்ளும். கருமையை நெருங்கும் ஒரு நிறத்தைச் சாயத்தொட்டியில் நாள்தோறும் கண்டவர்கள் அதற்கும் நீலத்தின் பெயரையே கொடுத்ததில் பார்வைக் குறைபாடு எங்கே இருக்கிறது? அடிபட்டுக் கன்றிய கண்ணை ஆங்கிலேயர் இன்றும் கறுப்புக் கண் என்கின்றனர். அதையே நார்வேக்காரர் நீலக் கண் என்கின்றனர். இதைக்கொண்டு ஆங்கிலேயருக்கு நீலம் தெரியாது என்று யாரும் சாதிப்பதில்லை. ரஷ்யர் இளநீலத்துக்கும் கருநீலத்துக்கும் இரு வேறு அடிப்படைச் சொற்களை வழங்குவதால், ஒரே சொல்லை வழங்கும் மற்றவர்களுக்கு அவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன என்றும் சொல்வதில்லை. பண்டைக் கிரேக்கருக்கு வர்ண உணர்ச்சி முதிரவில்லை என்று, ஹோமரின் காவியங்களை ஆதாரமாகக் காட்டி, பிரிட்டிஷ் அரசியல்வாதி கிளாட்ஸ்டன் 1858-இல் எழுதிய காலந்தொட்டு, சொல்லின் எல்லையைக் கண்ணின் எல்லையாகக் கொள்ளும் பிழை நம்மை விட்டபாடில்லை.

மூன்றாவதாக, ஆப்பிரிக்கரைக் குறித்த 'ப்ளாமென்' என்ற பெயர். இதுவே அக்கட்சியின் பிரதான ஆயுதம். ஆயினும் 'ஸ்வார்ட்ர்' என்னும் அடைமொழி உள்நாட்டாருக்கே ஏற்கெனவே உரியதாகிவிட்டது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. ஐஸ்லாந்தின் குடியேற்றத்தைக் கூறும் லாண்ட்நாமபோக் என்ற நூல், கெய்ர்முண்டு, ஹாமுண்டு என்னும் அரச குலத்து இரட்டையரைக் கறுத்தவர்கள் என்று இச்சொல்லாலேயே வருணிக்கிறது; எகிலின் சரித்திரம் என்னும் பழங்கதையும் ஸ்கல்லகிரிம் என்பவனின் தோற்றத்தை அவ்வாறே சொல்கிறது. கறுத்த முடியும் மாநிறமும் உடைய அண்டை வீட்டுக்காரனுக்கு அந்த அடைமொழி போய்விட்ட பிறகு, தூரதேசத்து மனிதரை அவனிடமிருந்து பிரித்துக் காட்ட மற்றொரு சொல் வேண்டியிருந்தது என்பதே என் அனுமானம். இவ்வாறு நோக்கினால், பேதம் அறியாமையின் சான்றாகக் காட்டப்படும் அப்பெயரே பேதம் அறிந்ததன் சான்றாகிவிடுகிறது.

டென்மார்க் மன்னன் ஹரால்டின் 'நீலப்பல்' என்ற பட்டப்பெயரையும் சிலர் துணைக்கு அழைக்கின்றனர். அம்மன்னன் ஜெல்லிங் என்னும் ஊரில் நாட்டிய கல்வெட்டில் அப்பெயர் இல்லை. அவன் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னர் எழுதப்பட்ட நூலிலேதான் முதலில் காணப்படுகிறது. செத்துப்போன பல்லின் நிறம் நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கலாம், கறுப்பாகவும் இருக்கலாம். இதைக்கொண்டு ஒரு பாஷையின் வர்ண சாஸ்திரத்தை நிர்ணயிப்பது வீண் வேலை.

இன்று ஸ்வீடனிலும் நார்வேயிலும் 'ஸ்வார்ட்' என்றும், ஐஸ்லாந்திலும் ஃபாரோ தீவுகளிலும் 'ஸ்வார்ட்டுர்' என்றும், உயிரொலி திரிந்து டென்மார்க்கில் 'சோர்ட்' என்றும் அப்பழஞ்சொல் வழங்குகிறது. நார்ஸ் மக்களுக்குக் கறுப்பு தெரியாது என்று இனி எழுதப் புகுவோர், ஹால்வ்தானை அவன் குடிகள் எந்த நிறத்தைக் கண்டு அப்பெயரிட்டு அழைத்தார்கள் என்பதற்கு முதலில் விடை கூறட்டும்.