பெயர் வங்கிக்குத் தெரிந்தால் போதும்

பரங்கிப்பேட்டையில் மீன் விற்பவரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. ‘ஜிபே பண்ணிடுங்க’ என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ வாடிக்கையாளரைச் சந்திக்கும் பாலியல் தொழிலாளி அப்படிச் சொல்லிவிட முடியாது. பணம் அனுப்புகிறவரின் திரையில் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் வந்து நிற்கும். 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ உத்தரவிட்டது. போலிப் பெயரில் பணம் பறிப்பவர்களைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் தொழிலுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காத்துவரும் பெண்ணுக்கு அதுவே வினையாகிறது. பெயரும் கைபேசி எண்ணும் கிடைத்துவிட்டால், பரங்கிப்பேட்டை போன்ற ஊரில் வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? மிரட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

வாடிக்கையாளரின் பெயரும் அவளுக்குத் தெரிகிறதே என்பார்கள். தெரிகிறது, ஆனால் ஊர் தூற்றுவது அவளைத்தான்.

பணம் வந்த பிறகும் நிம்மதி இல்லை. கொடுத்தவரே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் ‘ஏமாற்றிவிட்டார்’ என்று புகார் செய்யலாம். அவர் கைக்கு வந்ததே மோசடிப் பணமாகவும் இருக்கலாம். இரண்டிலும் முடக்கப்படுவது அவள் கணக்கு. அதை மீட்க, அந்தப் பணம் எதற்காக வந்தது என்று காவல் நிலையத்தில் அவள் எப்படிச் சொல்வாள்?

1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், வயதுவந்த பெண் தன் விருப்பத்தில் இத்தொழில் செய்வதைத் தன்னளவில் குற்றமாக்கவில்லை. ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, இன்னொருவரின் அந்த வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவரையும் இரண்டாண்டு வரை சிறைக்கு அனுப்ப வழிசெய்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தாய் அனுப்பும் கட்டணமும் இனி வங்கிக் கணக்கில் ஒரு சாட்சி. ரொக்கத்துக்கு இந்த ஞாபகசக்தி கிடையாது.

பெயரை மறைத்தால் பெண்களைக் கடத்துவோருக்கு வசதியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நாம் கேட்பது வங்கியிடமிருந்து மறைப்பதை அல்ல. கணக்கு தொடங்கும்போது கொடுத்த ஆதாரும் பான் எண்ணும் அங்கேயே இருக்கும். நீதிமன்றம் கேட்டால் கிடைக்கும். எதிரே நிற்கும் முன்பின் தெரியாத ஆளின் திரையில் மட்டும் அந்தப் பெயர் வரக் கூடாது.

இவர்களுக்காக விதி மாறியதற்கு முன்னுதாரணம் உண்டு. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்கள் 1995-இல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினருக்கு நன்னடத்தை வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. ‘இல்லத்தரசி’ என்று எழுதித் தப்பிக்க அவர்கள் மறுத்தார்கள், அரசுதான் இறங்கிவந்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றின் பேரில் இவர்களுக்கு ஆதார் தர வேண்டும் என்றது. தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் ஆதார் பதிவு எண்ணில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆதாரில் காக்கப்படும் அந்தரங்கம் ஜிபேயில் பறிபோவதை ஏற்க முடியாது.

வேண்டுகிற தனிநபருக்கு, வங்கி சரிபார்த்த மாற்றுப்பெயரில் பணம் பெற ரிசர்வ் வங்கியும் என்பிசிஐயும் வழி செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு இதைக் கேட்டு ரிசர்வ் வங்கிக்குக் கடிதம் எழுத வேண்டும். அதுவரை, யுபிஐ ரசீதை வைத்துக்கொண்டு இவர்களின் பிள்ளைகள் மீது 4-ஆம் பிரிவில் வழக்குப் போடக் கூடாது என்று காவல்துறைக்குச் சுற்றறிக்கை அனுப்பட்டும்.