கோழித்தூக்கம்

எங்கள் வீட்டுக் கணினிக்குப் போன மார்கழியில் ஒரு வியாதி வந்தது. இரவு பத்து மணிக்கு அதை உறங்க வைத்துவிட்டு நானும் படுப்பேன். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ திரை பளிச்சென்று எரியும். படுக்கையறை மூலையில்தான் மேசை. என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தூக்கம் என்பதே கிள்ளிக் கிள்ளித்தான் வருகிறது. "என்னங்க, உங்க பிசாசு முழிச்சிக்கிச்சு" என்பாள். எழுந்து போய் மறுபடி உறங்க வைப்பேன். சில இரவுகளில் இரண்டு முறை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் கணினியின் உட்கருவைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொல்வது என்று கேட்கலாம். சமாச்சாரத்தைக் கேட்டால், இது எங்கள் தொழில்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணினி பழையது. விண்டோஸ் பத்துக்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுபோனதும், தூக்கிப் போட மனமில்லாமல் பக்கத்து வீட்டுப் பையனை விட்டு லினக்ஸ் போட்டுக்கொண்டேன். வியாதிக்கு அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்று சொன்னவன் என் அக்கா மகன். பிரான்சில் இருக்கிறான், இந்தத் துறையில்தான் வேலை. தை மாதம் அக்காவின் காரியத்துக்காக வந்தவன் பதினாறு நாள் முடியும்வரை எங்கள் வீட்டிலும் காரைக்காலிலுமாக இருந்தான். ஒரு ராத்திரி அவன் கண் முன்னாலேயே திரை எரிந்தது. "மாமா, இதை யார் எழுப்பினாங்கன்னு பார்ப்போமா" என்று உட்கார்ந்தான்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

கணினியை உறங்க வைக்கும்போது கர்னல் என்கிற உட்கரு முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையெல்லாம் அப்படியே உறைய வைக்கிறது. பிறகு ஒவ்வொரு கருவியிடமும் போய், நீ உன் வேலையை ஒதுக்கி வை என்கிறது. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிள்ளை முதலில், பெற்றோர் பிறகு. அதாவது சுட்டி அடங்கிய பிறகுதான் அது செருகப்பட்டிருக்கும் யூஎஸ்பி கட்டுப்படுத்தி அடங்கலாம். எழும்போது இது தலைகீழ். கட்டுப்படுத்தி முதலில் எழும், அப்புறம்தான் சுட்டி. கடைசியில் செயலிக்கும் மின்சாரம் நின்றுவிடும். நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். நாம் பாதி எழுதி வைத்த கடிதம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

சரி, எல்லாம் அடங்கிய பிறகு யார் எழுப்புவது? ஒரு சில கருவிகள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும். மின் பொத்தான், விசைப்பலகை, வலைப்பின்னல் அட்டை, பொத்தான் அளவு மின்கலத்தில் ஓடும் உள் கடிகாரம். கடிகாரத்திடம் காலை ஐந்து மணிக்கு எழுப்பு என்று சொல்லி வைக்கலாம், எழுப்பும். வலைப்பின்னல் அட்டை இன்னும் விநோதம். அதற்கென்று ஒரு சேதி வடிவம் இருக்கிறது. ஆறு பைட் முழுக்க ஒன்றுகள், பிறகு அந்த அட்டையின் முகவரியைப் பதினாறு முறை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மொத்தம் 102 பைட். பேர் சொல்லிப் பதினாறு தரம் கூப்பிட்டால்தான் எழும்! என் பள்ளிக்கூட நாட்களில் என்னை எழுப்ப என் தாயாருக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1956-இல் பள்ளியில் சேர்ந்தேன். 1954 நவம்பரிலேயே நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டில். இரண்டுக்கும் நடுவில் கொடி மாறியிருந்தது, எங்கள் வகுப்பு மாறவில்லை. அதனால் மருமகன் தன் கணினியைத் திறந்தபோது அதன் பிரெஞ்சுச் சொற்களை என்னால் படிக்க முடிந்தது. ஆங்கிலக் கணினியில் ஸ்லீப் என்று இருக்கும் இடத்தில் அவனுடையதில் 'மீஸ் ஆன் வெய்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெய் என்றால் தூக்கம் இல்லை. அதற்கு நேர் எதிர். கண் விழித்திருப்பது, காவல் காப்பது. இரவுக் காவல்காரனை வெய்யேர் என்போம். ராத்திரி முழுக்கச் சின்னதாய் எரியும் விளக்குக்கு வெய்யேஸ். செத்தவர் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்கும் அதே சொல்தான். இங்கிலீஷ்காரன் தூங்கப் போடுகிறேன் என்கிறான், பிரெஞ்சுக்காரன் காவலுக்கு வைக்கிறேன் என்கிறான். நடப்பதைச் சரியாகச் சொன்னவன் பிரெஞ்சுக்காரன்தான். நம் ஊர்ச் சொல் இன்னும் பொருத்தம்: கோழித்தூக்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் காட்டியதில் என்னை அசர வைத்தது ஒன்று. லினக்ஸ் கர்னலில், எழுப்பும் விஷயமாக ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு தனித்தனிக் குறிப்புகள் இருக்கின்றன. இந்தக் கருவியால் எழுப்ப முடியுமா என்பது ஒன்று. எழுப்பலாமா என்பது இன்னொன்று. முதலாவதைக் கருவியின் அமைப்பைப் பார்த்துக் கர்னல் எழுதிக்கொள்கிறது. இரண்டாவதை முடிவு செய்கிற அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், கணினியின் சொந்தக்காரருக்கு விட்டுவிடுகிறது. பவர் என்ற அடைவில் வேக்அப் என்று ஒரு சிறு கோப்பு. உள்ளே ஒரே சொல், எனேபிள்ட் அல்லது டிஸேபிள்ட். அவ்வளவுதான்.

தகுதி வேறு, அனுமதி வேறு! என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் நான் கோப்பில் எழுதியது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான். மனுதாரருக்குத் தகுதி இருக்கிறது என்று குறிப்பு எழுதுவது எழுத்தர். அனுமதி அளிப்பவர் வேறொருவர். இதை ஒன்றாகக் குழப்பியவர்கள் எல்லாம் தணிக்கையில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கணினியில் குற்றவாளி யார் என்றால், கம்பியில்லாத சுட்டியின் சிறிய வாங்கி. அது கணினியிடம் தன்னை விசைப்பலகை என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறதாம். விசைப்பலகைக்கு எழுப்பும் அனுமதி தானாகவே உண்டு. எங்கள் தெருவில் ராத்திரி மணல் லாரி போகும். மேசை அதிரும், சுட்டி ஒரு மயிரிழை நகரும், வாங்கி மணி அடித்துவிடும். மருமகன் அந்தக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினான். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் மாற்றம் மறந்துபோகும் என்பதால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைத் திரும்ப எழுத ஒரு ஏற்பாடும் செய்து வைத்தான். அன்றிலிருந்து இரவில் திரை எரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் தபால் பதிவேடு. கணினி உறங்கப் போய்க்கொண்டிருக்கிற அந்த நொடியில் ஓர் எழுப்பும் சேதி வந்தால் என்ன ஆகும்? கதவைப் பூட்டும்போது தபால்காரர் வந்த கதை. சேதி உள்ளே வந்து விழுந்துவிடும், பார்க்க ஆள் இருக்காது. இதற்கு 2010-இல் ரஃபாவ் விசோட்ஸ்கி என்ற போலந்துக்காரர் ஒரு வழி செய்தார். இதுவரை எத்தனை எழுப்பும் சேதி வந்தது என்று கர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். உறங்க வைக்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு அதே எண்ணைத் திருப்பி எழுதிக் காட்ட வேண்டும். நடுவில் புதுச் சேதி வந்து எண் மாறியிருந்தால் கர்னல் ஏற்காது. உறங்கப் போக முடியாது. நாங்கள் மாலை அலுவலகம் பூட்டுமுன் வரவுப் பதிவேட்டின் கடைசி எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோமே, அதேதான்.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. கைபேசிக்காக ஆண்ட்ராய்டு செய்தவர்கள், எப்போதும் உறங்கவே முயல வேண்டும், வேலை இருக்கிறவன் மட்டும் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்க விடாமல் வைத்திருக்கலாம் என்று வேக்லாக் முறையைக் கொண்டுவந்தார்கள். 2009-இல் அதை லினக்ஸில் சேர்க்கச் சொன்னார்கள். கர்னல்காரர்கள் ஏற்கவில்லை. கண்ட நிரலும் பூட்டைப் பிடித்துக்கொண்டால் மின்கலம் என்ன ஆவது என்று ஒரு கட்சி, இல்லாவிட்டால் மோசமான நிரல் எல்லாம் கணினியைத் தூங்கவே விடாதே என்று இன்னொரு கட்சி. கடிதம் மேல் கடிதமாக வருடக்கணக்கில் சண்டை. 2012 ஜூலையில் வந்த 3.5 பதிப்பில்தான் இரு தரப்பும் ஒத்துப்போகிற மாதிரி ஓர் உருவம் கிடைத்தது. ஒரு கருவி எப்போது தூங்கலாம் என்று முடிவு செய்ய மூன்று வருடம்! ஆனால் சண்டை எல்லார் கண் முன்னாலும் நடந்தது. முடிவு எழுத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடிக்காதது, அதற்குப் பிறகு நடப்பது.

அக்கா காரைக்காலில் தனியாக இருந்தாள். உதவிக்கு ஒரு பெண். தை மாதம் ஒரு ராத்திரி அக்காவுக்கு மூச்சு முட்டியது. அந்தப் பெண் வழக்கம்போல் முதலில் பிரான்சில் இருந்த மருமகனைத்தான் அழைத்தாள். அவன் அங்கிருந்தே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துவிட்டு, செயலி வழியாக என்னை அழைத்தான். இங்கே மணி இரண்டு. நான்கு முறை அழைத்திருக்கிறான். என் கைபேசி தலைமாட்டில்தான் இருந்தது, சத்தமும் முழுதாக வைத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. காலையில் திரையைத் தொட்டதும் நான்கும் ஒன்றாக வந்து விழுந்தன. அக்கா ஆறு மணிக்குப் போய்விட்டாள். பாண்டியிலிருந்து காரைக்காலுக்கு ராத்திரியில் மூன்று மணி நேரம்.

"சாதாரண அழைப்பா போட்டிருக்கணும் மாமா, பதட்டத்துல கை பழகின பொத்தானுக்கே போயிடுச்சு" என்று அவன் அழுதான். அவன் மேல் என்ன தப்பு? ஆண்ட்ராய்டின் சொந்த விதிப்படி அவசரச் சேதிக்கு உறக்கத்தைக் கலைக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் கைபேசி செய்தவர்கள் மின்சேமிப்பு என்று தங்களுடைய ஓர் ஏற்பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நான் ராத்திரி தொடாத செயலிகளை அது பின்னணியில் இயங்கவே விடுவதில்லை. எந்தச் செயலிக்கு என்னை எழுப்ப அனுமதி இல்லை என்ற முடிவை எடுத்தது நான் இல்லை. எடுக்கப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதை மாற்றும் இடம் அமைப்புகளுக்குள் நான்கு திரை தாண்டி, மின்கலம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. மின்கலம்! அக்காவின் மூச்சை அங்கே போய்த் தேட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் அபிப்பிராயம் இதுதான். யார் என்னை எழுப்பலாம் என்பது பொறியியல் கேள்வி இல்லை, குடும்ப விஷயம். கர்னலை எழுதியவர்கள் அதைப் புரிந்துகொண்டு முடிவை நம்மிடம் விட்டார்கள். நடுவில் நிற்கும் வியாபாரி அதைக் கையகப்படுத்திக்கொண்டு, மின்கலம் இரண்டு நாள் நிற்கும் என்று பெட்டியில் அச்சடிக்கிறான். கைபேசி வாங்கிய முதல் நாளே, கடவுச்சொல் கேட்கிற அதே இடத்தில், ராத்திரியில் உங்களை எழுப்ப யாருக்கெல்லாம் அனுமதி என்று கேட்க வேண்டும். கேட்காமல் முடிவு செய்தால் அந்த முடிவையாவது பெரிய எழுத்தில் முதல் திரையில் காட்ட வேண்டும். மின்கலம் சீக்கிரம் தீர்ந்தால் தீரட்டும். எங்கள் வயதில் வீட்டிலேயேதான் இருக்கிறோம், சொருகி வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் ஓர் இரவுக் காவல்காரர் இருந்தார். படிப்பு கிடையாது. புயல் மழைக் காலத்தில் ராத்திரி ஆள் வந்தால், எதற்கு அதிகாரி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், எதற்கு விடியும்வரை உட்காரச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் சேர்ந்த முதல் நாள் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, எதற்கெல்லாம் என்னை எழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னதை நான் அருகில் இருந்து கேட்டிருக்கிறேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். இன்று பிள்ளையோ பேரனோ பேசும்போது அவர்களை வைத்துக்கொண்டே அந்த மின்கலப் பகுதியைத் திறந்து, நீங்கள் பேசுகிற செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு வந்த பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள், சில சமயம் பழையபடி மாறிவிடுகிறது. ராத்திரி அவசரமென்றால் சாதாரண அழைப்பு போடச் சொல்லுங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை.

மருமகன் ஊருக்குத் திரும்புமுன் என் கைபேசியில் இதையெல்லாம் செய்துவிட்டுப் போனான். இப்போது மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை அழைக்கிறான். நான் எடுப்பதில்லை. மணி அடிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். என் மனைவிதான் முணுமுணுக்கிறாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.